மெதுவாகத் திறக்கிற பூட்டு

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச்சொல்லி இப்போதைய முதலாளி கேட்டபோது, திறப்பு, அதாவது சாவி, வெட்டுவதைப் பற்றியும் இரும்பில் துளையிடுவதைப் பற்றியும் எழுதுவதில்லை என்று முதலே நினைத்துக்கொண்டேன். அதையெல்லாம் சொல்லித்தரக் கடையில் ஆட்கள் இருக்கிறார்கள். ஆளில்லாவிட்டால் போனில் காணொளி இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் வீட்டு நிலக்கீழ் அறையில், கையில் கருவிப் பையோடு நின்றுகொண்டு, இந்தப் பூட்டை நான் இப்போது திறக்கலாமா கூடாதா என்று யோசிக்க வேண்டி வந்தால், அதற்குக் காணொளி கிடையாது. அப்படி ஒரு நாள் எனக்கு வந்தது. அதைத்தான் எழுதுகிறேன். உங்களில் தமிழ் வாசிக்கச் சிரமப்படுகிற பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறவரைக் கொண்டு வாசிப்பித்துக் கேளுங்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக்குக் கீழே ஒரு பூட்டுக் கடை இருந்தது. தொலைபேசி எடுக்க ஆள் தேவை என்று யன்னலில் எழுதிப் போட்டிருந்தார்கள். தொலைபேசி எடுக்கப் போனவள் மெல்ல மெல்லத் திறப்பு வெட்டி, கதவுப் பூட்டு மாற்றி, கடைசியில் பெட்டகங்களுக்கு வந்து சேர்ந்தேன். அப்போதைய முதலாளி ஒரு போர்த்துக்கீசர். அதிகம் பேசமாட்டார். பிழை விட்டால் திட்டமாட்டார். பக்கத்தில் வந்து நின்று தன் கையால் ஒருமுறை செய்து காட்டிவிட்டுப் போய்விடுவார்.

அவர் என்னை முதன்முதலாகத் துப்பாக்கி வைத்துப் பூட்டுகிற துவக்குப் பெட்டகம் ஒன்றைத் திறக்கக் கூட்டிப் போன நாள் நல்லாக ஞாபகம் இருக்கிறது. கதவு திறந்ததும் துவக்கு எண்ணெயின் மணம் வந்தது. ஊரில் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றபோது மூக்குக்குக் கிட்ட வந்த அதே மணம். நான் வெளியே போய்க் கடையின் வான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். முதலாளி வந்து, "நீ பெட்டகத்தைப் பார். உள்ளே இருப்பது உன் அலுவல் இல்லை," என்றார். அந்த வார்த்தை எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அதற்குப் பிறகு எத்தனையோ துவக்குப் பெட்டகங்களைத் திறந்தேன். மான் வேட்டைக்குப் போகிறவர்கள், இலக்குச் சுடும் கழகத்துக்குப் போகிறவர்கள், தகப்பன் விட்டுப்போன துவக்கை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருப்பவர்கள் என்று எல்லா வகை மனிதர்களையும் பார்த்தேன். எங்கட ஆட்களிலும் வேட்டைக்காரர் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது.

குகன் அப்படி ஒருவர். விட்பியில் புதிதாக எழும்பிய வீட்டுத் தொகுதி ஒன்றில் வீடு. கட்டடங்களுக்கு உட்சுவர்ப் பலகை அடிக்கிற வேலை. நல்ல வாட்டசாட்டமான ஆள். ஒவ்வோர் இலையுதிர் காலமும் தன்னுடைய சிநேகிதன் ஜெயத்தோடு வடக்கே மான் வேட்டைக்குப் போவார். நான் முதல் தடவை போனபோது மறுநாள் விடியப் பயணம், பெட்டகம் திறக்கவில்லை.

பெட்டகம் பரவாயில்லை. பூட்டுத்தான் மலிவானது. எண்களை அழுத்தினால் 'பீப்' என்று சத்தம் வரும், பச்சை விளக்கு எரியும், ஆனால் உள்ளே நாக்கு முழுதாக இழுபடாது. இந்த ரகத்தைப் பின்னால் நீங்களும் நிறையப் பார்ப்பீர்கள். குகன் அதோடு வாழப் பழகியிருந்தார். எண்ணை அழுத்திவிட்டு முழங்காலால் கதவை இறுக்கித் தள்ளிக்கொண்டு கைப்பிடியைத் திருப்பினால் திறக்கும். அன்றைக்கு அதுவும் சரிவரவில்லை.

"மனிசியைச் சமாளிக்கிற மாதிரித்தான் அக்கா," என்று சிரித்தார். "எங்க தள்ளோணும் எண்டு தெரிஞ்சிருக்கோணும்."

மாடிப்படியில் நின்ற அவருடைய மனைவி சுமதி, "பூட்டுக்காவது நம்பர் இருக்கு. உங்களைத் திறக்க என்ன வழி எண்டு நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறன்," என்றார்.

நான் திறந்து கொடுத்தேன். புதுப் பற்றறி போட்டேன். பூட்டை மாற்றினால் நல்லது என்று சொன்னேன். சீசன் முடியட்டும் அக்கா என்றார் குகன். வேலை செய்யும்போது என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, உது என்ன, இது ஏன் இப்பிடி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கையால் வேலை செய்கிற மனிதர்களுக்கு மற்றவர்களுடைய வேலையைப் பார்க்க ஆசை. போகும்போது சுமதி கோழிக் கறியும் பிட்டும் கட்டித் தந்தார்.

பூட்டை மாற்ற அவர் கூப்பிடவில்லை. நானும் மறந்துபோனேன்.

இரண்டு பனிக்காலம் கழித்து ஒரு மத்தியானம் கடைக்குத் தொலைபேசி வந்தது. குகன்தான். இன்றைக்கே வர முடியுமா என்று கேட்டார். பெட்டகம் திறக்கவில்லை, திறந்துவிட்டுப் புதுப் பூட்டும் போடவேண்டும், விரல் வைத்தவுடன் திறக்கிற மாதிரி ஒன்று. என்ன விலை, எந்த ரகம் என்று ஒன்றும் கேட்கவில்லை. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. சிலருக்குப் போனில் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு பனிக்குள் வானை ஓட்டிக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தவரை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. பாதி ஆளாக மெலிந்திருந்தார். ஏணியில் இருந்து விழுந்து முதுகு போய்விட்டதாம். ஒரு வருசத்துக்கு மேல் வீட்டில்தான். படியேற முடியாத நாட்களில் கீழேயே படுத்துக்கொள்வாராம். நிலக்கீழ் அறையில் பெட்டகத்துக்கு எதிரே தரையில் ஒரு மெத்தை கிடந்தது. யன்னல் சீலை இழுத்து மூடியிருந்தது.

"ஏன் தம்பி இவ்வளவு அவசரம்?" என்று கேட்டேன்.

"இஞ்சால கள்ளர் கூடிப்போச்சு அக்கா. காரைக் கடத்த வீட்டுக்குள்ளயே வாறாங்கள். கெதியாத் திறக்க வேணும்."

சொன்னது பொய் இல்லை. அந்தப் பகுதியில் அப்படி நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கள்ளனுக்காகத் துவக்கைத் தயாராக வைத்திருக்க இந்த நாட்டில் விடமாட்டார்கள் என்பது துவக்கு உரிமம் எடுத்த அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் பையைத் திறந்தேன். அவர் எட்டிப் பார்க்கவில்லை. மெத்தையில் இருந்துகொண்டு சுவரைப் பார்த்தார். பிறகு, மூலையில் அடுக்கியிருந்த தன்னுடைய வேலைக் கருவிகளைக் காட்டி, "உதுக்குள்ள மட்டம் பாக்கிற நல்ல லெவல் ஒண்டு கிடக்கு. வேணுமெண்டா எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு போங்கோ அக்கா. எனக்கு இனி என்னத்துக்கு?" என்றார்.

என் கை நின்றுவிட்டது. கையால் உழைக்கிறவன் தன் கருவியை இரவல் கொடுக்கவே யோசிப்பான். அதை வந்தவளுக்குச் சும்மா தூக்கிக் கொடுக்கிறான் என்றால் ஏதோ சரியில்லை. மாசி மாதம். வேட்டைக் காலம் முடிந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. துவக்கு எதற்கு இவ்வளவு அவசரமாக வேண்டும்?

வானில் ஒரு சாமான் எடுக்கவேண்டும் என்று சொல்லி மேலே வந்தேன். சுமதி சப்பாத்துப் போடாமல், வீட்டுச் செருப்போடு பனிக்குள் எனக்குப் பின்னால் ஓடிவந்தார்.

"அக்கா, எனக்கொரு உதவி செய்யுங்கோ. உந்தப் பூட்டைத் திருத்த ஏலாது எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ."

"ஏன் பிள்ளை?"

"அவர் நித்திரை கொள்ளுறேல்லை. ஒருத்தரோடயும் கதைக்கிறேல்லை. நேற்று நான் வேலைக்கு வெளிக்கிட நிண்டனான், கீழ அந்த 'பீப்' சத்தம் கேட்டது. திரும்பத் திரும்பக் கேட்டது. எனக்குக் கால் ஓடேல்லை அக்கா. படியில நிண்டுகொண்டே இருந்தன். பிறகு சத்தம் நிண்டுபோச்சு. இண்டைக்கு நான் வேலைக்குப் போகேல்லை."

"அவரிட்டக் கேட்டனீங்களோ?"

"கேட்டா என்ன சொல்லுவாரோ எண்டு பயமாக் கிடக்கு."

அவரை உள்ளே அனுப்பிவிட்டு வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினேன். முதலாளிக்குப் போன் அடித்தேன். உள்ளே இருப்பது உன் அலுவல் இல்லை என்று எனக்குச் சொல்லித்தந்த மனிதர். நடந்ததைச் சொன்னேன்.

"திறக்காதே," என்றார்.

"பெட்டகம் அவருடையது. திறக்கச் சொல்லித்தானே கூப்பிட்டார்."

"தெரியும். திறக்காதே. கடைக்கு வருகிற முறைப்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்."

"அவருக்கு என்ன சொல்வது?"

"அது எனக்குத் தெரியாது. அவருடைய மொழி உனக்குத்தான் தெரியும்."

கொஞ்ச நேரம் வானுக்குள்ளேயே இருந்தேன். சுமதி சொன்னபடி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வருவதுதான் சுகம். இந்த ரகத்துக்குச் சாமான் இல்லை, ஓடர் பண்ணவேண்டும் என்றால் அவருக்குத் தெரியவா போகிறது? ஆனால் நான் போனால் அவர் இன்னொரு கடைக்கு அடிப்பார். வருகிறவன் கருவிகளையும் வாங்கிக்கொண்டு, பூட்டையும் திறந்துகொடுத்துவிட்டுப் போவான். பொய் சொன்னால் எனக்கு அந்த வீட்டை விட்டு வெளியே வர வழி கிடைக்கும். அவருக்கு என்ன கிடைக்கும்?

கீழே போனேன். சுவருக்குப் பூசுகிற சாந்து வாளி ஒன்று வெறுமையாகக் கிடந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு அவருக்கு முன்னால் இருந்தேன். பையைத் திறக்கவில்லை.

"என்னக்கா, சாமான் இல்லையோ?"

"எல்லாம் இருக்குது தம்பி. ஆனா இண்டைக்கு நான் திறக்கமாட்டன்."

"ஏன்? திறக்கத்தானே உங்களைக் கூப்பிட்டனான்."

"ஓம். நான் ஒண்டு நேராக் கேக்கிறன், நீங்களும் நேராச் சொல்லுங்கோ. கோவிச்சாலும் பரவாயில்லை. உங்களுக்குச் சாகவேணும் எண்ட நினைப்பு வருதோ?"

பிள்ளைகளே, இந்தக் கேள்வியைக் கேட்பது எனக்குச் சுகமாக இருக்கவில்லை. கேட்டால் இல்லாத நினைப்பை நான்தான் உண்டாக்கிவிடுவேனோ என்று எனக்கும் பயம் இருந்தது. பிறகு ஒரு நாள் இது தெரிந்த ஒருவரிடம் விசாரித்தேன். அப்படி உண்டாகாது, கேட்பதுதான் நல்லது என்று சொன்னார். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. கேட்காமல் எழும்பிப் போவதைவிடக் கேட்பது குறைந்த பிழை என்று மட்டும் தோன்றியது.

குகன் என்னைப் பார்க்கவில்லை. வீட்டுச் சூடாக்கி சத்தத்தோடு ஓடத் தொடங்கியது. அது ஓடி நிற்கும் வரைக்கும் அவர் பேசவில்லை.

"வருது," என்றார்.

நான் வாளியைக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"நேற்று வந்து நம்பர் அடிச்சனான். முழங்காலால தள்ளினாத்தான் திறக்கும், தெரியும்தானே உங்களுக்கு. தள்ளப் போக முதுகில பிடிச்சுப்போட்டுது. நாலைஞ்சு தரம் பாத்தன். ஏலாமப் போச்சு. உதிலயே இருந்திட்டன். சாகக்கூட ஏலாத ஆளாப் போனன் எண்டு சிரிப்பு வந்தது. பிறகு அழுதன். பிறகு பசிச்சுது. மேல போய் பாண் சாப்பிட்டன்."

"நேற்று திறந்திருந்தா?"

"திறந்திருந்தா நீங்கள் இண்டைக்கு வரத் தேவையில்லை அக்கா."

படியில் சத்தம் கேட்டது. சுமதி. எவ்வளவு நேரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாரோ தெரியாது. வந்து மெத்தையில் அவருக்குப் பக்கத்தில் இருந்து அவருடைய கையைப் பிடித்தார். அழவில்லை.

"எனக்குத் தெரியுமப்பா. நான் படியில நிண்டனான்."

"நீ வேலைக்குப் போட்டாய் எண்டு நினைச்சன்."

"அப்ப போகேல்லை. இறங்கி வரப் பயந்துபோய் நிண்டனான்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் கதைத்தார்கள். அதை நான் எழுதப்போவதில்லை, அது அவர்களுடையது. நான் எழும்பிப் போகலாமோ என்று யோசித்தேன். ஆனால் பெட்டகம் அங்கேயே இருந்தது. பழுதான பூட்டு நேற்று ஒருமுறை உதவியிருக்கிறது. பழுதை நம்பி ஒரு ஆளை விட்டுவிட்டு வர முடியாது. நாளைக்கு முதுகு நோ கொஞ்சம் குறைந்தால் அதே முழங்கால் தள்ளும்.

"தம்பி, உரிமம் இருக்கிற ஆக்களில நீங்கள் ஆரை நம்புவியள்?" என்று கேட்டேன்.

"ஜெயம்."

"நீங்களே கூப்பிடுங்கோ."

நான் கூப்பிட்டிருக்கலாம், சுமதி கூப்பிட்டிருக்கலாம். அவரே கூப்பிட்டால் நல்லது என்று நினைத்தேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு நீண்ட நேரம் இருந்தார். பிறகு அடித்தார். "மச்சான், ஒருக்கா வாறியே. என்ர துவக்கெல்லாத்தையும் கொஞ்ச நாளைக்கு நீ வைச்சிரு," என்றார். ஏன் என்று ஜெயம் கேட்டிருக்க வேண்டும். "நான் சரியில்லையடா," என்றார் குகன். ஜெயம் றிச்மண்ட் ஹில்லில் இருந்து வரவேண்டும், பனி நாளில் அது சின்ன ஓட்டம் இல்லை. அவர் வருகிற வரைக்கும் சுமதி, இப்படியான நேரத்துக்கென்று இருக்கிற தொலைபேசிச் சேவைக்கு அடித்துக் குகனிடம் போனைக் கொடுத்தார். அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு பெண்பிள்ளை பொறுமையாகக் கதைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது என்று அவள் சொன்னாள். குகன் சரி என்றார்.

ஜெயம் வந்து படி இறங்கியதும் குகனைக் கட்டிப் பிடித்தார். முதுகு நோகும் என்று அவருக்கு ஞாபகமில்லை. குகனும் சொல்லவில்லை. பிறகு குகன் பெட்டகத்தின் எண்ணை ஜெயத்துக்குச் சொன்னார். சுமதி குகனைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். கார் தெருவைக் கடந்து மறைந்த பிறகுதான் நான் பையைத் திறந்தேன். இந்த ஒழுங்கை மட்டும் மறக்கவேண்டாம். ஆள் வெளியே போனபின் பூட்டு.

கதவு திறந்ததும் ஜெயம் ஒவ்வொன்றாக எடுத்துக் குண்டு இல்லை என்று பார்த்து, உறைக்குள் போட்டுத் தன் வாகனத்துக்குக் கொண்டுபோனார். வேறாகப் பூட்டி வைத்திருந்த குண்டுகளையும் எடுத்தார். நான் எதையும் தொடவில்லை. எனக்கு உரிமம் இல்லை. எண்ணெய் மணம் வந்தது. அன்றைக்கு நான் வெளியே ஓடவில்லை.

கடைசித் துவக்கைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த ஜெயம் அந்தக் கவிழ்த்த வாளியில் குந்தினார். "வேட்டைக்கு வரேல்லை எண்டவன், முதுகு நோ எண்டவன். நான் சரி எண்டிட்டு விட்டிட்டன். ஒருக்கா வந்து பாத்திருக்கலாம் அக்கா," என்றார்.

"இண்டைக்கு வந்தனீங்கள்தானே," என்றேன்.

கடைக்குத் திரும்பியபோது முதலாளி கதவடியில் நின்றார். ஆள் எப்படி என்று மட்டும் கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, தானே தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் அதற்கு முதல் பார்த்ததில்லை.

பனி கரைந்து, புல் வெளியே தெரிகிற காலத்தில் குகன் மறுபடி கூப்பிட்டார். குரலில் ஏற்ற இறக்கம் இருந்தது. நோவுக்கு வேறு வைத்தியம் தொடங்கியிருக்கிறார்கள், கிழமைக்கு ஒருமுறை ஒருவரிடம் போய்க் கதைக்கிறேன், முதலில் விருப்பமில்லாமல் போனேன், இப்போது பரவாயில்லை என்றெல்லாம் சொன்னார். பழைய வேலைத்தலத்தில் கட்டட வரைபடம் பார்த்துக் கணக்குப் போடுகிற வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"அக்கா, கெதியாத் திறக்கிற பூட்டு வேண்டாம். மெதுவாத் திறக்கிறது ஏதும் இருக்குதோ?"

இருந்தது. நகைக்கடைகளுக்கும் மருந்துக்கடைகளுக்கும் நாங்கள் போடுகிற ரகம். எண்ணை அழுத்தினால் உடனே திறக்காது. நாம் வைத்த நேரம் ஓடி முடியவேண்டும், பிறகு 'பீப்' என்று கூப்பிடும், அப்போது மறுபடி எண்ணை அழுத்தவேண்டும்; பிந்தினால் திரும்ப முதலில் இருந்து காத்திருக்க வேண்டும். கொள்ளைக்காரனுக்குக் காத்திருக்கப் பொறுமை இருக்காது என்பதற்காகச் செய்தது. இரண்டு பேருடைய எண்கள் சேர்ந்தால்தான் திறக்கிற மாதிரியும் அதை வைக்கலாம். வீட்டுப் பெட்டகத்தில் அப்படிப் போட்டு நான் கேள்விப்பட்டதில்லை. முதலாளியிடம் கேட்டேன். "பூட்டுக்கு அது முடியும். அந்த மனிதரால் முடியுமா என்று அவரிடம் கேள்," என்றார்.

கேட்டேன். "அந்தக் கறுத்த நினைப்பு வந்தா கனநேரம் நிக்காது அக்கா. கடல் அலை மாதிரி, வந்தா அடிச்சிட்டுப் போயிடும். அடிக்கிற நேரம் கதவு திறக்கக் கூடாது. அவ்வளவுதான்," என்றார். "துவக்கு இப்பவும் ஜெயத்திட்டத்தான் இருக்கு. டொக்டர் சரி எண்டு சொல்லுற வரைக்கும் அங்கதான். ஆனா பூட்டை இப்பவே போடுங்கோ. திரும்பி வரேக்க அது இருக்கோணும்."

போட்டேன். கால் மணி நேரம் ஓடுகிற மாதிரி வைத்தேன். ஒரு எண் குகனுடையது, மற்றது ஜெயத்துடையது. உரிமம் இல்லாத ஒருவர் கையில் எண்ணைக் கொடுப்பது சரியில்லை என்பதால் சுமதிக்கு ஒன்றும் வைக்கவில்லை.

அந்தப் பூட்டோடு வாழ்வது சுகம் என்று நான் சொல்லமாட்டேன். துவக்குகள் திரும்பி வந்த பிறகு, ஒன்றைத் துடைக்கவேண்டும் என்றாலும் ஜெயம் அங்கிருந்து வரவேண்டும். பற்றறி போகப் பார்க்கிறது என்று நேரம் கெட்ட நேரத்தில் கத்தும். குகன் எனக்கு அடித்து, "அக்கா, என்ர சொந்தத் துவக்கை எடுக்க நான் அவனுக்கு விருந்து வைக்க வேண்டிக்கிடக்கு," என்று புறுபுறுப்பார். கால் மணியைப் பத்து நிமிசமாகக் குறைக்கட்டுமா என்று கேட்டால், உடனே, "சீ, சீ, அது கிடக்கட்டும்," என்பார்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். நீங்கள் வைத்தியர்கள் இல்லை, பொலிஸும் இல்லை. எல்லா வீட்டிலும் இப்படி நல்லபடியாக முடியும் என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் பெட்டகத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். ஆளையும் பாருங்கள். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேளுங்கள். மறுமொழி மனதுக்குச் சரிப்படாவிட்டால் கருவிப் பையை மூடிவிட்டு இருந்து கதையுங்கள். திறக்கமாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. இந்தக் கடையில் அதற்காக ஒருவரும் உங்களைக் கேள்வி கேட்கமாட்டார்கள். பொய் சொல்லித் தப்பவேண்டாம். யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்து வைத்திருங்கள், அந்த இலக்கம் வானில் ஒட்டியிருக்கட்டும்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முதல் சுமதியிடமிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, பெட்டகத்தில ஒரு நம்பர் மாத்த வேணும். ஜெயத்தின்ர நம்பருக்குப் பதிலா என்ர நம்பர்."

"அதுக்கு உரிமம் வேணுமே பிள்ளை."

"எடுத்திட்டன். வகுப்புக்குப் போய், சோதினையும் எழுதி, கார்ட்டும் வந்திட்டுது. எனக்கு உந்தச் சாமானைக் கண்ணில காட்டக்கூடாது அக்கா, மானை நினைச்சா இப்பவும் பாவமாக் கிடக்கு. ஆனா அவற்ற கதவுக்கு ஒரு பாதி என்னட்ட இருக்கோணும்."

போனேன். ஜெயமும் வந்திருந்தார். எண் மாற்றுவதென்றால் கதவு திறந்திருக்க வேண்டும், அப்படியென்றால் முதலில் பழைய எண்கள் இரண்டையும் போட்டுக் காத்திருக்க வேண்டும். குகன் தன்னுடையதை அழுத்தினார், ஜெயம் தன்னுடையதை அழுத்தினார். நேரம் ஓடத் தொடங்கியது. மெத்தை இருந்த இடத்தில் இப்போது ஒரு சின்ன மேசையும் நான்கு கதிரையும் இருந்தன. யன்னல் சீலை விலகியிருந்தது. சுமதி ரோல்ஸும் தேத்தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார்.

சோதனை எழுதப் போன அறையில் எல்லாரும் பெரிய தாடிக்காரர்கள், தான் மட்டும்தான் சீலையோடு போனதாகச் சுமதி சொன்னார். கோயிலுக்குப் போய்விட்டு நேரே போனாராம். துவக்கைக் கையில் பிடித்துக் காட்டச் சொன்னபோது நெற்றிப் பொட்டை அழிக்க வேண்டாமோ என்று ஒரு தாடிக்காரர் சுமதியைக் கேட்டாராம். ஏன் என்று கேட்டால், அது ஏதோ குறிபார்க்கிற அடையாளம் என்று அவர் நினைத்தாராம். ஜெயத்துக்குத் தேத்தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. குகன் முதுகைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதையப்பா, நோகுது," என்று சிரித்தார்.

பெட்டகம் கூப்பிட்டது. எனக்குக் கேட்டது. மற்றவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சுமதி கதையை முடிக்கவில்லை. நான் வாய் திறக்கவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பூட்டு தன்பாட்டில் அடங்கிப்போனது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் குகன் நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயோ, நேரம் போட்டுதோ? திரும்ப முதல்ல இருந்து அடிக்கவேணுமே?"

"ஓம் தம்பி. இன்னொரு கால் மணி."

"அடிப்பம். அவசரமில்லை," என்று குகன் ஒரு ரோல்ஸை எடுத்துக்கொண்டு எழும்பினார்.